ஐஸ் டீக்குள்ள எதுக்குங்க ஐஸ்?

தலைப்பைப் பார்த்துட்டு "இட்லிக்கு எதுக்குடா மாவு"ன்னு திட்ட வர்றவங்க ஒரு நிமிஷம் பொறுங்க. ஐஸ் டீ வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. கத்திரி வெயில்ல அதுக்கு ஈடான பானம் ரொம்பக் கம்மி (மோர் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும் :-)). நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல ஐஸ் டீ போடறீங்களா? டீ பாட்டிலுக்கு உள்ள இருக்கட்டும், ஐஸ் வெளிய இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே வேண்டாம்.

இதை ஏதோ சமையல் குறிப்பு மாதிரி சொல்லலை. கொஞ்சம் சீரியஸாகவே சொல்றேன். காரணம் புரியணும்னா பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒரு நடை போயிட்டு வரணும்.

தெரியாதவங்களுக்கு: சென்னையில இருந்து பொன்னேரி வழியா வடக்க சுமார் 60 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. டச்சுக்காரங்க 1613ல கெல்ட்ரியா கோட்டை கட்டின அதே ஊர். அங்க ஏரிக்கு மேல பாலத்தைத் தாண்டினா கலங்கரை விளக்கம், அதைச் சுத்தி மீனவக் குப்பங்கள். கிழக்க வங்காள விரிகுடா. மேற்க பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி. ஆக, ரெண்டு பக்கமும் உப்பு. நடுவுல குடிதண்ணிங்கறது குடத்தை எண்ணி வைக்கற சமாச்சாரம். எங்க அத்தையைக் கட்டிக்குடுத்த ஊர் அதுதான், அதனால எனக்கு அந்த எண்ணிக்கை கொஞ்சம் தெரியும்.

தண்ணிக்குத்தான் இந்தக் கணக்கு. ஐஸுக்குப் பஞ்சமே கிடையாது! மீன் புழங்கற எந்த ஊரையும் பாருங்க. உமியும் சாக்கும் போட்டு மூடின ஐஸ் பார் வண்டியில வந்து இறங்கும். கட்டையால அடிச்சு நொறுக்கி மீன் பெட்டியில ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ்னு போட்டுக்கிட்டே இருப்பாங்க. வெயில் மண்டையைப் பொளக்கற நேரத்துல கண்ணு முன்னாடி அவ்வளவு ஐஸ் பளபளன்னு கிடந்தா யாருக்குத்தான் கை போகாது? சின்னப் பசங்க ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுக்கறதை நீங்களும் ஏதாவது ஒரு மீன் மார்க்கெட்டுல பாத்திருப்பீங்க.

"மாமா, இதுலயே ரெண்டு கட்டி போட்டு ஐஸ் டீ போட்டுடலாமா?"ன்னு நான் விளையாட்டாத்தான் கேட்டேன். மாமா சிரிக்கவே இல்லை.

"இது மீனுக்குப் போடற ஐஸுடா. மீன நாம கழுவி, வேக வெச்சு துன்றோம். ஐஸ வேக வெச்சு துன்ன முடியுமா?"

உணவுப் பாதுகாப்பு பத்தி எத்தனையோ பக்கம் படிச்சிருக்கேன். இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்லை.

விஷயம் என்னன்னா, தண்ணியை உறைய வெச்சா கிருமி செத்துடும்னு நம்மில் பல பேர் நம்பிக்கிட்டு இருக்கோம். சாகாது. கொஞ்சம் சாகும், மிச்சம் பேசாம தூங்கும். ஐஸ் உருகினதும் எழுந்து உக்காரும். அசுத்தமான தண்ணியில செஞ்ச ஐஸ் அசுத்தமான ஐஸ்தான். டைஃபாய்டு, மஞ்சக்காமாலை, வயித்துப்போக்கு எல்லாம் அந்த வழியா வரும். கொதிக்கிற டீயில போட்டா செத்துடாதான்னு கேக்கலாம். டீயைக் குளிர வைக்கத்தானே ஐஸ் போடறோம்? டீ ஆறிப்போகும், கிருமிக்கு சூடே படாது.

அரசாங்கத்துக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். 2018ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ஏற்பாடு பண்ணாங்க. சாப்பிடற தரத்துக்கு செய்யாத ஐஸ்ல நீல நிறம் கலக்கணும், இண்டிகோ கார்மைன் அல்லது பிரில்லியன்ட் ப்ளூ, 10 பிபிஎம் வரைக்கும். சாப்பிடற ஐஸ்ல எந்த நிறமும் கூடாது. பாத்தவுடனே வித்தியாசம் தெரியணும்ங்கறதுதான் ஐடியா. நல்ல ஐடியா, மறுக்கலை. ஆனா கணக்கைப் பாருங்க. 10 பிபிஎம்னா ஒரு கிலோ ஐஸுக்கு 10 மில்லிகிராம் சாயம். முழு பாரா நிக்கும்போது நீலம் தெரியும். அதை நொறுக்கி டம்ளர்ல ரெண்டு துண்டு போட்டு, மேல செக்கச்செவேல்னு சர்பத்தையோ டீயையோ ஊத்தினா? எந்த நீலம்? அடையாளம் ஒட்டியிருக்கறது பார்ல, நாம கையில வாங்கறது டம்ளரை. எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, எர்ரர் மெசேஜ் சர்வர் லாக்ல பத்திரமா இருக்கு, யூசர் ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலை.

அதனால கடையில உக்காந்து ஐஸோட ஜாதகத்தைக் கணிக்கறது நம்மால ஆகாத காரியம். ஐஸைப் பானத்துக்குள்ள விடாம இருக்கறது நம்மால ஆகும். அவ்வளவுதான் என் கட்சி.

இப்ப ஒரு சின்ன சரித்திரம். பானத்துக்குள்ள ஐஸ் போடற பழக்கம் நமக்கு எப்படி வந்துச்சு? சென்னைக்காரங்களுக்கு ஐஸ் ஹவுஸ் தெரியும். மெரீனா எதிர்க்க, 1897ல விவேகானந்தர் வந்து தங்கின கட்டடம், இப்ப விவேகானந்தர் இல்லம். அந்தப் பேர் வந்ததுக்குக் காரணம் ஃப்ரெட்ரிக் டியூடர்ங்கற அமெரிக்க வியாபாரி. பாஸ்டன் பக்கத்து ஏரிகள்ல குளிர்காலத்துல உறையற ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டு கப்பல்ல ஏத்தி உலகம் பூரா வித்தவர். 1833ல கல்கத்தாவுக்கு அவர் அனுப்பின முதல் கப்பல்ல சுமார் 180 டன் ஏத்தினாங்க. நாலு மாசப் பயணத்துக்கு அப்புறம் சுமார் 100 டன் மிச்சம் வந்து சேர்ந்துச்சு! மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ் 1842ல வந்தது. துரைமாருங்க தங்களோட சரக்குல அதைப் போட்டுக் குடிச்சாங்க. பானத்துல ஐஸ் கட்டி மிதக்கறதுங்கறது அன்னைக்கு அந்தஸ்து. இன்னைக்கு விளம்பரத்துல நீளமான கண்ணாடி டம்ளர், மேல வரைக்கும் ஐஸ், ஓரத்துல ஒரு எலுமிச்சை வில்லைன்னு காட்டறாங்களே, அதுவும் அதே அந்தஸ்தோட பேரப்பிள்ளைதான்.

ஐஸ் டீக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்குங்க. 1904ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் கண்காட்சி நடந்துச்சு. அங்க இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் பண்ணப் போனவர் ரிச்சர்ட் பிளெச்சிண்டன். வெயில்ல சூடான டீயை ஒருத்தரும் சீண்டலை, மனுஷன் ஐஸ் போட்டுக் குடுத்தார், கூட்டம் அள்ளுச்சுன்னு கதை. ஐஸ் டீயையே அவர்தான் கண்டுபிடிச்சார்னு சொல்றது மட்டும் தப்பு. 1879லயே வந்த ஒரு வர்ஜீனியா சமையல் புத்தகத்துல ஐஸ் டீ செய்முறை அச்சாகி இருக்கு. ஆனா பிரபலமாக்கினதுல அந்தக் கண்காட்சிக்குப் பங்கு உண்டு. ஆக ஐஸ் டீ ஒண்ணும் நமக்கு அந்நியன் இல்லை. நம்ம தேயிலையை விக்கறதுக்காக ஊர் ஊரா சுத்தின சரக்குதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஐஸ் உள்ள இல்லாம எப்படி ஜில்லுனு ஆகும்?

குல்ஃபி வண்டிக்காரரை நினைச்சுக்கோங்க. அவர் பாலுக்குள்ள ஐஸா போடறார்? பானைக்குள்ள ஐஸும் உப்பும். அதுக்குள்ள மூடி போட்ட குப்பி. குப்பிக்குள்ள பால். ஐஸ் எந்தத் தண்ணியில செஞ்சதா இருந்தாலும் பாலைத் தொடாது. கோலி சோடா, பன்னீர் சோடா கடைக்காரரும் அப்படித்தான், ஐஸ் தண்ணித் தொட்டியில பாட்டிலைப் போட்டு வெச்சிருப்பார். நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கற முறைதான். எனக்கு காப்பிரைட் எதுவும் இல்லை.

கொஞ்சம் பிசிக்ஸும் பாத்துடுவோம், எஞ்சினியரிங் படிச்சதுக்கு அதுவாவது உபயோகப்படட்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேணும். ஒரு டம்ளர் டீ 200 கிராம்னு வெச்சுக்கோங்க. அடுப்புல இருந்து இறக்கின 90 டிகிரி டீயை நேரா ஐஸ்ல ஊத்தி 5 டிகிரிக்குக் கொண்டுவர, கிட்டத்தட்ட 200 கிராம் ஐஸ் உருகணும். அதாவது டீ பாதி, தண்ணி பாதி. அதே டீயை முதல்ல 30 டிகிரிக்கு ஆற விட்டுட்டா 60 கிராம் ஐஸ் போதும். அப்பவும் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணி கலந்துடும். கடை ஐஸ் டீ கடைசி நாலு வாய் சப்புனு இருக்கறதுக்கு இதான் காரணம். ஐஸை வெளிய வெச்சா? ஒரு சொட்டு கலக்காது. முதல் வாயும் கடைசி வாயும் ஒரே ருசி.

செய்முறை (ஒரு லிட்டருக்கு):

1. அரை லிட்டர் தண்ணியைத் தளதளன்னு கொதிக்க விட்டு ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க. அடுப்பை அணைச்சுட்டு நாலு டீஸ்பூன் இலைத் தேயிலை போட்டு மூடுங்க. நாலு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். தூளா இருந்தா மூணு ஸ்பூன், ரெண்டு நிமிஷம். டீத்தூளைப் போட்டுக் கொதிக்க விட்டீங்கன்னா கசப்பு இறங்கும், ஆறினதும் அந்தக் கசப்பு இன்னும் தூக்கலாத் தெரியும்.

2. வடிகட்டி, சூடா இருக்கும்போதே சர்க்கரையோ கருப்பட்டியோ கரைச்சுடுங்க. ஆறின டீயில சர்க்கரை அடியில போய் உக்காந்துக்கும். கருப்பட்டின்னா பாகு காய்ச்சி வடிகட்டிச் சேருங்க, மண் இருக்கும்.

3. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி அரை லிட்டர் சேர்த்து, மூடி வெச்சு ஆற விடுங்க. அப்புறம் எலுமிச்சை. பழத்தைப் பிழிஞ்சதும் டீ நிறம் வெளுத்தா பயப்படாதீங்க, புளிப்பு பட்டா டீயோட நிறமிகள் அப்படித்தான் மாறும். புதினா, தட்டின இஞ்சி எல்லாம் உங்க இஷ்டம். இஞ்சியைத் தண்ணி கொதிக்கும்போதே போட்டுடுங்க.

4. சுத்தமான எவர்சில்வர் பாட்டில்ல ஊத்தி இறுக்க மூடுங்க. சாதாரண ஒற்றைச் சுவர் பாட்டில், கவனிங்க! சூடு தாங்கற ஃப்ளாஸ்கை ஐஸ்ல நட்டு வெச்சுட்டு "ஜில்லுனே ஆகலையே"ன்னு காத்திருக்கக் கூடாது. சூட்டை வெளிய விடாதது குளிரையும் உள்ள விடாது.

5. ஒரு வாளியில ஐஸ், கூட கொஞ்சம் தண்ணி. வெறும் ஐஸ் கட்டிக்கு நடுவுல காத்து இருக்கும், தண்ணி சேர்த்தா பாட்டிலைச் சுத்தி முழுசா ஒட்டும். மூடி தண்ணிக்கு மேல இருக்கணும். அப்பப்ப பாட்டிலைத் திருப்பி விடுங்க. அரை லிட்டர் பாட்டிலுக்கு சுமார் அரை மணி நேரம். கணக்குப்படி 160 கிராம் ஐஸ் போதும், காத்துல வீணாகறதைச் சேர்த்து அரைக்கிலோ வெச்சுக்கோங்க. அவசரம்னா ஒரு கை உப்பு போடுங்க, குல்ஃபி டெக்னிக்.

6. வெளிய எடுத்ததும் நல்ல தண்ணியில கழுவி, வாய்ப்பக்கத்தை சுத்தமான துணியால துடைச்சுட்டுத் திறங்க. இதை விட்டுட்டா மேல சொன்ன மொத்த வேலையும் வேஸ்ட்.

இந்த முறையில மீன் ஐஸும் உபயோகப்படும் பாருங்க (மீன் மேல போடாத புது ஐஸைச் சொல்றேன்). குடிக்க லாயக்கில்லாத ஐஸ் குளிர வைக்க லாயக்கானதுதான். லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி ஊர்ல நல்ல தண்ணி குறைச்சல், ஐஸ் தாராளம். குறைச்சலா இருக்கறது உள்ள, தாராளமா இருக்கறது வெளிய. இதைவிடப் பொருத்தமா ஒரு ஐஸ் டீ அந்த ஊருக்கு இருக்க முடியாதுன்னு நினைக்கறேன்.

"மண்பானை இருக்கே தம்பி, ஐஸே வேண்டாமே"ன்னு ஒரு குரல் கேக்குது. பானை நல்லதுதான், ஆனா ஊரைப் பொறுத்தது. பானைத் தண்ணி ஆவியாகித்தான் குளிரும். காத்துல ஏற்கனவே ஈரம் இருந்தா ஆவியாக இடமில்லை. உள்நாட்டுல 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம்னா பானை அதிகபட்சம் 24 டிகிரி கிட்ட வரைக்கும் இறக்கும். கடலோரத்துல 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்னா 28க்குக் கீழ இறங்கவே இறங்காது. உள்ளூர்ல 14 டிகிரி இறக்கின அதே பானை கடலோரத்துல ஆறு டிகிரிக்கே மூச்சு வாங்கும். பானை மேல தப்பில்லை.

"கடையில பாக்கெட் கிடைக்குதே, கலக்கினா ஆச்சு"ங்கறது அடுத்த குரல். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. என்னென்ன போட்டிருக்குன்னு எடை அதிகமானதுல இருந்து வரிசையா எழுதணும்ங்கறது விதி. பல ஐஸ் டீ பொடிகள்ல முதல் பேர் சர்க்கரை. டீ எங்கயோ கடைசி பெஞ்ச்ல உக்காந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, இப்படிச் சேர்க்கற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு. வீட்டுல போட்டா ஸ்பூன் நம்ம கையில இருக்கு. போதாக்குறைக்கு அந்தப் பொடியைக் கலக்கற தண்ணி? அதுல போடற ஐஸ்? சுத்திச் சுத்தி அங்கயேதான் வருது.

தேயிலைக்கு நாம எங்கயும் அலைய வேண்டாம். நீலகிரித் தேயிலை, முக்கியமா இலையா வர்ற ஆர்த்தடாக்ஸ் ரகம், ஆறினாலும் அதிகம் கலங்காதுன்னு ஐஸ் டீ உலகத்துல பேர் வாங்கினது. டீ ஆறும்போது காஃபீனும் மத்த சத்துகளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மங்கலாகும், அதுல நீலகிரி கொஞ்சம் சமத்து. அது கிடைக்கலைன்னா ரேஷன் கடையில விக்கற ஊட்டி டீயே போதும், நீலகிரி சிறு விவசாயிகளோட கூட்டுறவுத் தொழிற்சாலைகள்ல இருந்து வர்றதுதான். கலங்கினா பார்க்கத்தான் ஒரு மாதிரி, குடிக்க ஒண்ணும் ஆகாது.

கடைசியா, "எல்லாம் சரி, டம்ளர்ல ஐஸ் கலகலன்னு சத்தம் போட்டாத்தான் எனக்கு ஐஸ் டீ"ன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு: ஃப்ரிட்ஜ் இருந்தா கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில நீங்களே கட்டி செஞ்சுக்கோங்க. இன்னும் நல்ல வழி, டீயையே ட்ரேயில ஊத்தி உறைய வைங்க. உருகினாலும் டீதான்.

எங்க அத்தை இதையெல்லாம் கேட்டுட்டு, "ஏன்டா கண்ணு, ஆறிப்போன டீக்கா இம்மாம் பாடு?"ன்னாங்க. வெயில்ல உக்காந்து மீன் விக்கறவங்க, கேக்க உரிமை இருக்கு. ரெண்டு டம்ளர் குடிச்சாங்கங்கறதை மட்டும் இங்க பதிவு பண்ணிக்கறேன் :-)

கடைக்காரங்களைக் குத்தம் சொல்றது என் நோக்கம் இல்லை. அவங்களுக்கும் எந்த ஐஸ் எங்க செஞ்சதுன்னு எல்லா நேரமும் தெரியாது. சர்பத் கடையோ ஜூஸ் கடையோ, கலந்து வெச்ச பாட்டிலை ஐஸ் தொட்டியில போட்டு வைக்கறது அவங்களுக்கும் பெரிய செலவில்லை. நாம கேக்கணும், அவ்வளவுதான். அடுத்த தடவை வெயில்ல ஒதுங்கினா இப்படிக் கேட்டுப் பாருங்க: "அண்ணே, ஐஸ் போட்டது வேணாம். ஐஸ்ல வெச்சது இருக்கா?"

பி.கு.: இதெல்லாம் பால் சேர்க்காத டீக்குத்தான். பால் டீயை ஆற வெச்சு வெளிய வெச்சிருந்தா சீக்கிரம் கெட்டுடும். கறுப்பு டீயும் அன்னைக்குப் போட்டதை அன்னைக்கே குடிச்சுடுங்க. வெயில்ல பாட்டிலை வெச்சு டீ ஊற வைக்கற "சன் டீ" ஸ்டைலும் வேண்டாம், அந்த வெதுவெதுப்பு கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.